கடைமடைக்கு வந்ததா? - அரசு மருத்துவமும் கணினியும் நாமும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுவழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை எழுதுகிறவனை அரசு மருத்துவத்துறை நவீனமாவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். 'நான் டாக்டரும் இல்ல, என்ஜினியரும் இல்லையே' என்று அழைத்த தோழரிடம் சொன்னேன். 'நீ பேங்க்குல கம்ப்யூட்டர் முன்னாடிதான உக்காந்திருக்க, அது போதும்' என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் தொடங்குகிற பல காரியங்கள் இன்று வங்கிக் கவுன்டரில்தான் வந்து முடிகின்றன. அல்லது முடியாமல் நிற்கின்றன. அப்படி நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் பேசுகிறேன்.

முறைமைப் பொறியியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது. சிஸ்டம்ஸ் என்ஜினியரிங் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ஒரு பெரிய வேலையைத் தனித்தனித் துண்டாகப் பார்க்காமல், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் எங்கே அடைக்கிறது, அடைப்பை யார் யாரிடம் சொல்வது என்று முழுசாகப் பார்க்கிற படிப்பு அது. ஏரிப் பாசனம் உள்ள ஊர்களிலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்கு இது புதிதில்லை. நம் நீர்க்கட்டி செய்த வேலைதான் அது. எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலில் கசிவு, யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ராத்திரியில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு மேலே நடந்துபோய்க் கடைமடை நனைந்திருக்கிறதா என்று பார்ப்பார். நனையவில்லை என்றால் திரும்பி வந்து மதகைச் சரிசெய்வார். பல ஊர்களில் அவர் சேரிக்காரர். ஏரியே அவர் கையில் இருந்தது. ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூட அவர் பேரில் இல்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்வோம். பாசனம் நன்றாக இருக்கிறதா என்பதை மதகடியில் நின்று சொல்ல முடியாது, கடைமடையில் நின்றுதான் சொல்ல முடியும். இது ஒன்று. கடைமடைச் செய்தி மதகுக்குத் திரும்பி வரவேண்டும், வந்தால் மதகு அசைய வேண்டும். இது இரண்டாவது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நம் அரசு மருத்துவத்தைப் பார்ப்போம்.

முதலில் நன்றாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எதிர்ப்பதற்கு மட்டுமே கூட்டம் போடுகிறோம் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் அமைக்கப்பட்டது. 1995 ஜனவரியிலிருந்து வேலையைத் தொடங்கியது. அதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரி மருந்து என்றால் பெரிய டப்பாவிலிருந்து அள்ளிக் காகிதத்தில் மடித்துத் தருகிற மாத்திரை. என்ன மாத்திரை, எப்போது காலாவதி, யார் தயாரித்தது, ஒன்றும் தெரியாது. பாதி நாள் 'வெளியில வாங்கிக்கோ' என்று சீட்டு. கழகம் என்ன செய்தது? தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். மாவட்டங்களில் கிடங்கு, கிடங்குகளில் கணினி. வந்த மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்த கம்பெனியின் பெயரை மறைத்துக் குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிற முறை. மாத்திரைகளைப் பட்டைகளில் அடைத்து, இது அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடிக்க வைத்தது. திருடி வெளியே விற்பது அதனாலேயே கடினமானது.

இதில் எனக்குப் பிடித்தது பாஸ்புக். நிஜமாகவே பாஸ்புக்தான். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒதுக்கி, அதைப் பாஸ்புக்கில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கிடங்குக்குப் போய் மருந்து எடுக்க எடுக்க அந்தத் தொகை கழியும். அதுவரை மேலே இருக்கிறவன் தள்ளிவிடுகிற மருந்தைக் கீழே இருக்கிறவன் வாங்கிவைத்துக்கொள்வான். பாஸ்புக் வந்த பிறகு கீழே இருக்கிறவன் கேட்டு எடுக்கிறான். உனக்கு எவ்வளவு பாத்தியதை, எவ்வளவு எடுத்தாய், மீதி எவ்வளவு என்பது உன் கையிலேயே எழுத்தாக இருக்கிறது. கணினி பின்னால் இருந்து கணக்குப் பார்த்தது. அதிகாரம் நகர்ந்தது பாஸ்புக்கால். ராஜஸ்தான் 2011இல் தனக்கு ஒரு கழகத்தை அமைத்தபோது தமிழ்நாட்டு மாதிரியைத்தான் எடுத்துக்கொண்டது.

இதனால் அதிகம் பயன்பெற்றது நம் சனங்கள்தான். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக நம்மிடம் நிலமுமில்லை, விற்க நகையுமில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கந்துவட்டி. ஆகவே தொழில்நுட்பத்தை ஒட்டுமொத்தமாக ஆளும்வர்க்கச் சதி என்று பேசுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்தப் பாஸ்புக் எதுவரை வந்தது? ஆரம்ப சுகாதார நிலையத்தின் பீரோ வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே வரவில்லை.

என் அம்மாவை வைத்துச் சொல்கிறேன். ரத்தக்கொதிப்புக்கு மாசாமாசம் மாத்திரை வாங்கப் போவார். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், பல இடங்களில் நடப்பதுதான். அம்மா கையை நீட்டுவார். மாத்திரைப் பட்டையை ஒருசாண் உயரத்திலிருந்து கையில் போடுவார்கள். விரல் படாது. ஒருதடவை கீழே விழுந்துவிட்டது, அம்மா குனிந்து பொறுக்கினார். அன்றைக்கு மருந்து இருந்தது, பட்டையில் தேதி சரியாக இருந்தது, கிடங்குக் கணக்கும் கணினிக் கணக்கும் ஒரு மாத்திரைகூடப் பிசகாமல் சரியாக இருந்திருக்கும். அந்த ஒருசாண் உயரத்தை எழுத எந்த ரிஜிஸ்டரிலும் காலம் இல்லை. சிறுபத்திரிகை படிக்கிற தோழர்கள் உடனே ஃபூக்கோ என்பீர்கள். எங்க அம்மாவுக்கு ஃபூக்கோ தெரியாது. 'மாத்திர நல்ல மாத்திரதாண்டா' என்பார். எனக்கு இரண்டுமே வேண்டும். நல்ல மாத்திரையும் வேண்டும், அதைக் கையில் வைத்துக் கொடுக்கவும் வேண்டும்.

இது என் அம்மாவின் கதை மட்டுமில்லை. 2001-02இல் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி நடத்திய ஆய்வு 2006இல் நூலாக வந்திருக்கிறது. சுமார் மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுக்கிறார்கள் என்று அதில் பதிவாகியிருக்கிறது. இப்போது யோசியுங்கள். வீட்டுக்குள் நுழையாதவர் கையில் ஒரு டேப்லட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? தெருமுனையில் நின்று 'பார்வையிட்டேன்' என்று அழுத்துவார். முன்பு நோட்டில் எழுதிய பொய் இப்போது மின்னல் வேகத்தில் சென்னைக்குப் போகும். வேறென்ன மாறும்?

அடுத்து பிக்மிக்கு வருகிறேன். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிந்து பின்தொடர 2008இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கணினி முறை அது. கிராமத்தில் எல்லாருக்கும் 'பிக்மி நம்பர்' தெரியும். பிறப்புச் சான்றிதழ் வாங்கவே அந்தப் பதிவு எண் வேண்டும் என்று 2017இல் ஆக்கினார்கள். இதைப் பதிகிறவர் கிராம சுகாதார செவிலியர். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. மாநிலத்தில் அப்படி 8,700க்கு மேல் இருக்கின்றன. தடுப்பூசி, பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் பார்த்துவிட்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து டைப் அடிக்கிறார்கள் அந்தப் பெண்கள். அவர்களிலும் நம் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை.

இந்தப் பதிவோடு கட்டப்பட்டிருப்பதுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2018இலிருந்து மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, தவணை தவணையாக, வங்கிக் கணக்கில். 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பத்தின்போது கூலிக்குப் போகாமல் நாலு நாள் வீட்டில் இருக்கவும், முட்டை, பால் வாங்கிச் சாப்பிடவும் கொடுக்கிற பணம் இது. அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்களின் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் சுமையில் அரசுக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். அந்தப் பாதையில் வருகிற பணம் இது.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியது. கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

எங்கள் கிளைக்கு ஒரு பெண் வந்தார். ஆறுமாசம் இருக்கும் வயிறு. 'சார், முத்துலட்சுமி பணம் வந்துச்சா பாருங்க' என்றார். பாஸ்புக்கை மெஷினில் விட்டேன். வரவில்லை. 'வரலம்மா, நர்சம்மாவக் கேளு.' போனார். நர்சம்மா கம்ப்யூட்டரைப் பார்த்து 'பணம் போயிடுச்சு, பேங்க்குல கேளு' என்றிருக்கிறார். மறுபடி வந்தார். 'வரலம்மா.' மூன்றாம் முறை வந்தபோது சர்வர் இல்லை. நான்காம் முறை வரிசையில் நாற்பது பேர், நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. நாலு நாள் கூலியை யார் கொடுப்பது?

ஐந்தாம் முறை இடுப்பில் குழந்தையோடு வந்தார். அன்றைக்குக் கூட்டம் இல்லை. உட்காரச் சொல்லி விசாரித்தேன். அவருடைய ஆதார் எண் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்த்தேன். வேறு வங்கி. 'வேற எங்கயாவது கணக்கு இருக்காம்மா?' 'இல்ல சார்.' கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மேற்கே ஒரு நூற்பாலையில் வேலை செய்திருக்கிறார். சம்பளம் போட மில்லிலேயே ஒரு கணக்குத் திறந்திருக்கிறார்கள். பாஸ்புக்கைக் கண்ணால் பார்த்ததில்லை.

இதன் சூட்சுமம் தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். ஆதார் வழியாக அனுப்பும் பணம், நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கைத் தேடிப் போகாது. உங்கள் ஆதார் எண்ணோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தார்களோ அந்த வங்கிக்குப் போகும். எங்கள் கிளையில் அவர் கணக்குத் திறந்தபோது அந்த இணைப்பை யாரோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.

சுகாதாரத்துறைக் கணினியில் அவர் பெயருக்கு நேரே பணம் அனுப்பப்பட்டது என்று இருந்திருக்கும். மாவட்டக் கூட்டத்தில் அந்த ஒன்றியம் இலக்கை எட்டியதாக வாசித்திருப்பார்கள். கணினி பொய் சொல்லவில்லை. பணம் போனது உண்மை. கடைமடைக்கு வரவில்லை என்பதும் உண்மை. கர்ப்பத்தின்போது முட்டை வாங்கித் தின்னக் கொடுத்த பணத்தை அந்தப் பெண் அந்த ஊருக்கே போய்க் கையில் வாங்கியபோது, பிள்ளை நடக்க ஆரம்பித்திருந்தது.

இங்கே அடைத்தது எது? நர்சம்மாவின் திரையில் ஒரு பாதி, என் திரையில் ஒரு பாதி. இரண்டும் எங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. அந்தப் பெண் இரண்டு திரைக்கும் முதுகுப் பக்கம் நிற்கிறார். அவருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குக் காட்ட யாருக்கும் கட்டளை இல்லை. வங்கிகளில் கணினி வந்தபோது எங்கள் சங்கங்கள் எதிர்த்தன. 1983இல் எந்திரமயம் பற்றி ஒப்பந்தம் போட்டன. எத்தனை எந்திரம், எத்தனை பேருக்கு வேலை போகும் என்று பேசினார்கள், அது பேச வேண்டியதுதான். திரை யார் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்ற பேச்சு எனக்குத் தெரிந்து எழவில்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களோடு நாம் ஒப்பந்தம் எதுவும் போட்டுக்கொண்டதில்லை.

2021ஐயும் நினைத்துப் பாருங்கள். ஜனவரி 16இல் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. மே 1இலிருந்து 18 முதல் 44 வயதினருக்கு என்றார்கள். ஆனால் கோவின் என்ற இணையப் பதிவின் வழியாகத்தான் என்றார்கள். ஸ்மார்ட்போன் வேண்டும், ஓடிபி வரவேண்டும், இங்கிலீஷ் படிக்க வேண்டும், திறந்த நிமிஷத்தில் அழுத்த வேண்டும். வேகமான இணைப்பு உள்ள நகரத்துக்காரர்கள் இடம் பிடித்துக் கிராமத்து மையங்களுக்குக் கார் ஏறிப் போனார்கள். மே 24இல்தான் அரசு மையங்களில் நேரில் பதியலாம் என்று தளர்த்தினார்கள். மே 31இல் உச்சநீதிமன்றம், இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியைத் தன் உத்தரவில் எழுப்பியது. வரிசை நீளமாக இருக்கிறது என்று கணினியைக் கொண்டுவந்தார்கள். வரிசையைத் தூக்கி, நாம் நிற்கவே முடியாத இடத்தில் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதார எண், அதில் அவருடைய நோய்க் கணக்கு என்ற திட்டம் 2020இல் அறிவிக்கப்பட்டு 2021 செப்டம்பரில் நாடெங்கும் விரிந்தது. காசநோய், மனநோய், கருக்கலைப்பு, எச்.ஐ.வி. எல்லாம் கோப்பில் ஏறும். கூடவே முகவரியும் ஏறும். நம் முகவரியைப் படித்தாலே சாதி தெரியும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025இல்தான் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தன்னைப் பற்றிய தரவைக் கேட்கவும் திருத்தச் சொல்லவும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை எழுதியிருக்கிறது. அதே சட்டம் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தி, 'தனிப்பட்ட தகவல்' என்று சொல்லிப் பதிலை மறுக்க அதிகாரிகளுக்கு வழி அகலமாக்கியும் கொடுத்திருக்கிறது. நம்மைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும், அவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்ற பழைய ஊர்–சேரி உறவுதான் இது. மாணவர்கள் இந்தச் சட்டத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

சரி, என்ன கேட்பது? கணினியை எடு என்று கேட்கக் கூடாது. எடுத்தால் பழையபடி டப்பா மாத்திரைதான். கடைமடையிலிருந்து மதகு வரை செய்தி திரும்பிப் போகிற வாய்க்காலைக் கேட்க வேண்டும். எனக்குத் தோன்றியவை இவை:

ஒன்று. நம்மைப் பற்றிக் கணினியில் என்ன பதிந்தாலும் அதைத் தமிழில் அச்சடித்து நம் கையில் கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிடைத்த பாஸ்புக் அந்தப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். எந்தத் தவணை, எந்தத் தேதி, எந்த வங்கி, கணக்கின் கடைசி நாலு எண். இந்த ஒரு வரி இருந்திருந்தால் அவர் ஐந்துமுறை அலைந்திருக்க மாட்டார்.

இரண்டு. எண் இல்லை, ஓடிபி வரவில்லை, ரேகை விழவில்லை, சர்வர் இல்லை என்பதற்காக எந்தச் சேவையையும் மறுக்கக் கூடாது. முதலில் வைத்தியம், பிறகு பதிவு.

மூன்று. பதிவில் சாதிப் பிரிவைக் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் கேட்டதை மேலே அனுப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. பெயர் இல்லாமல், மொத்தக் கணக்காக, ஊரில் எத்தனை வீட்டுக்குப் போனார்கள், சேரியில் எத்தனை வீட்டுக்குப் போனார்கள், எத்தனை பேருக்குப் பணம் கைக்கு வந்தது என்று துணை சுகாதார நிலையச் சுவரில் மாதாமாதம் எழுத வேண்டும். நான் போன எந்த ஊர்ச் சுவரிலும் இதுவரை பார்த்ததில்லை.

நான்கு. தீண்டாமையையும் முறைமையின் கோளாறாகப் பதிய வேண்டும். மருந்து தீர்ந்துபோனால் கணினி எச்சரிக்கிறது. தெருவுக்குள் வராவிட்டால் ஏன் எச்சரிக்கவில்லை? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழையவிடாமல் நம்மைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. நுழைய விட்டு, மாத்திரையை மேலேயிருந்து போடுகிறவருக்கு எதிராகப் புகார் எழுத ஒரு காலம் வேண்டும். அந்தப் புகாருக்கு எண் வேண்டும், தேதி போட்ட பதில் வேண்டும்.

'இதெல்லாம் நடக்கிற காரியமா' என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். கொஞ்சம் நடந்திருக்கிறது. 2007க்கும் 2009க்கும் இடையில் தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பை முன்னோட்டமாக நடத்தினார்கள். தமிழ்நாடும் அதில் ஒன்று. கிராமத்து மக்களே கூடி, நர்ஸ் வந்தாரா, மருந்து இருந்ததா, காசு கேட்டார்களா என்று விசாரித்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அட்டையில் நிறம் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு தெரியும். அதற்குக் கணினிகூடத் தேவைப்படவில்லை. கீழே நிற்கிறவருக்கு மார்க் போடுகிற உரிமை இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் வந்துபோன பிறகு நான் ஒரு காரியம் செய்கிறேன். பெரிய புரட்சி ஒன்றுமில்லை. யாராவது 'பணம் வரல' என்றால் ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று முதல் தடவையே பார்க்கிறேன். திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுகிறேன். வங்கியின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். 'ஏன்யா ஸ்கிரீனத் திருப்புற' என்று மேலதிகாரி ஒருநாள் கேட்டார். 'அவங்க கணக்கு சார்' என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு குமாஸ்தாவின் நல்ல மனசை நம்பி ஒரு முறைமை இருக்கக் கூடாது. நாளைக்கு எனக்கு மாற்றல் வந்துவிட்டால் அந்தக் கவுன்டரில் என்ன ஆகும்?

ஆகவே ஒரு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன். இங்கே இருக்கிற மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போவீர்கள். உங்கள் சேரியில் கடந்த ஓராண்டில் பிள்ளை பெற்ற பெண்களிடம் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். நர்சம்மா வீட்டுக்குள் வந்தாரா? பணம் எத்தனை தவணை கைக்கு வந்தது? மாத்திரையைக் கையில் கொடுத்தார்களா, போட்டார்களா? பெயர் எழுத வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். அதே கேள்விகளை ஊர்த்தெருவிலும் கேட்க முடிந்தால் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கிராமசபையில் கொடுத்து, நகலை இயக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நம் தாத்தாக்கள் ராத்திரியில் வரப்பு மேலே நடந்து யாருடைய வயலுக்கோ தண்ணீர் போனதா என்று பார்த்தார்கள். நாம் நம் தெருவுக்கு வந்ததா என்று பார்ப்போம்.